ஏரிக்கரையில் விட்டுப்போன வீடு

நான் கணக்கு டீச்சர். தாம்பரத்துப் பிள்ளைகளோடு பல வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி என்றால் எனக்கு ஒரு விடை வேண்டும், அதுவும் ஒன்றே ஒன்றாக வேண்டும். இப்படிப்பட்டவள் எதற்கு வாட்டர்கலர் கற்றுக்கொள்ளப் போனாள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார். பிரஷருக்கு மாத்திரை எழுதிய டாக்டரம்மா மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யுங்கள் என்றார். தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மாடம்பாக்கம் தாண்டி ஓர் ஏரிக்கரை, வெட்டவெளியில் உட்கார்ந்து இயற்கைக் காட்சி வரைவது. அவ்வளவுதான் கதை. ஞாயிறு என்றதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. ஒரு வாரம் என்றால் காய்ச்சல் என்று பாஸ்டரிடம் சமாளிப்பேன், மூன்று வாரம் காய்ச்சல் என்றால் அவர் ஜெபம் பண்ண வீட்டுக்கே கிளம்பி வந்துவிடுவார், அப்புறம் நீயே பேசிக்கொள் என்றார்.

அந்த இடம் கிராமமா ஊரா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஏரியைப் பார்த்து உட்கார்ந்தால் கிராமம். பனைமரம், எருமை, கொக்கு எல்லாம் உண்டு. திரும்பி உட்கார்ந்தால் பாதி கட்டிய அபார்ட்மென்ட்டும் வரிசையில் நிற்கும் தண்ணீர் லாரியும். எங்கள் மாஸ்டர் எல்லோரையும் ஏரியைப் பார்த்தே உட்காரவைத்தார்.

மாஸ்டர் என்றால் பெரியவர் என்று நினைக்க வேண்டாம். என் மகன் வயசு, தாடி வைத்த பையன். முதல் வாரம், கண் பார்ப்பதை மட்டும் போடுங்கள், மனசு நினைப்பதைப் போடாதீர்கள் என்றான். எனக்குச் சந்தோஷம், இது கணக்கு மாதிரிதான் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம், பார்ப்பதை எல்லாம் போடாதீர்கள், தேவையில்லாததை விட்டுவிடுங்கள் என்றான். நான் கையைத் தூக்கி இரண்டில் எது சரி என்று கேட்டேன். ரெண்டும்தான் மேடம் என்று சிரித்தான். என் வகுப்பில் எவனாவது இப்படி விடை சொல்லியிருந்தால் பீரியட் முடியும்வரை வெளியே நின்றிருப்பான்.

இன்னொரு சங்கதியும் சொன்னான். நாங்கள் கற்றுக்கொண்ட முறையில் வெள்ளை பெயின்ட் கிடையாது. காகிதத்தின் வெள்ளைதான் வெள்ளை. எது வெள்ளையாக இருக்க வேண்டுமோ அதை முதலிலேயே பூசாமல் விட்டுவைக்க வேண்டும். ஒருமுறை பச்சை ஏறிவிட்டால் போனது போனதுதான்.

ஏரிக்கரை வளைகிற இடத்தில், நாங்கள் பார்க்கும் காட்சிக்கு நட்டநடுவில், ஒரு வீடு இருந்தது. வெள்ளையடித்த சுவர், சிமென்ட் ஷீட் கூரை, வாசலில் நீல டிரம், பக்கத்தில் ஒரு முருங்கை. சுவரில் சிவப்பு பெயின்ட்டால் கொட்டை எழுத்தில் ஒரு நம்பரும் ஓர் அம்புக்குறியும். அந்த வீட்டம்மா முதல் வாரமே வந்து, நீங்கள் சர்வே ஆட்களா என்று கேட்டாள். சும்மா படம் வரைகிறோம் என்றோம். நம்பினாளோ இல்லையோ, பிரஷ் கழுவ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் குடம் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டாம் வாரம், நான் டீச்சர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என் பக்கத்தில் நின்றபடி அந்த நம்பரைப் பற்றிச் சொன்னாள். ஏரி இடம் என்று சொல்லி யாரோ வந்து எழுதிவிட்டுப் போனார்களாம். இடிப்பார்கள் என்கிறார்கள், எப்போது என்று யாரும் சொல்லவில்லை, ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றாள். நான் உச்சுக்கொட்டினேன். பிறகு என் பச்சையைக் கலக்கப் போய்விட்டேன்.

மூன்றாம் வாரம் கடைசிப் படம். அந்த வீட்டை என்ன செய்வது என்று மாஸ்டரைக் கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, அது டிஸ்டர்ப் பண்ணுது மேடம், விட்டுட்டு மரமா போட்டுடுங்க என்றான். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது, அந்தக் கூரையின் சாய்வு எனக்கு வரவே வரவில்லை. வீடு இருந்த இடத்தில் ஈரப் பச்சையை ஒரே இழுப்பாக இழுத்தேன். நன்றாகத்தான் வந்தது.

முடிந்ததும் எல்லோர் படத்தையும் கரையில் வரிசையாகப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் கல் வைத்தோம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் படத்தை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா நைட்டி மேலே துண்டைப் போட்டுக்கொண்டு குடத்தை எடுக்க வந்தாள். வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். திரும்பவும் அந்த முனையிலிருந்து வந்தாள்.

"எங்க வூட்டக் காணோமே?" என்றாள்.

மாஸ்டர் ஏதோ காம்போசிஷன் என்று விளக்கினான். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"பன மரம் கீது, எரும கூட கீது. வூடு ஒருத்தர் படத்துலயும் இல்ல. இடிக்கப் போறாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்களா?"

அப்படியெல்லாம் இல்லை, தெரியாமல் செய்துவிட்டோம் என்று உளறினேன். தெரியாமல் எப்படி? மூன்று வாரமாக அதைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தேன்? விட்டுவிடு என்று சொன்னதைத்தானே செய்தேன், அது எப்படித் தப்பாகும்? தப்பு இல்லையென்றால் எனக்கு ஏன் இப்படி வெட்கமாக இருக்கிறது? ஒன்றும் புரியவில்லை. இருங்கம்மா, நான் போட்டுத் தருகிறேன் என்று என் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பச்சை ஏறிடுச்சு மேடம், தேய்ச்சா பேப்பர் கிழிஞ்சிடும் என்று மாஸ்டர் காதோடு சொன்னான். கிழிந்தால் கிழியட்டும் போப்பா என்று எரிந்து விழுந்தேன்.

அவள் கொண்டுவந்த குடத்துத் தண்ணீரில் பிரஷை நனைத்து, பச்சையைக் கரைத்து, டிஷ்யூவால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பேப்பர் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. வெள்ளை வரவில்லை, பாசி பிடித்த மாதிரி ஒரு நிறம்தான் வந்தது. அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டிரம் இந்தப் பக்கம், முருங்கை கொஞ்சம் பின்னால் என்று சொல்லச் சொல்லப் போட்டேன். கூரையின் சாய்வு கூட ஒருமாதிரி வந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் என் கை தானாகச் சிவப்பைத் தொட்டுச் சுவரில் நம்பரையும் போட்டுவிட்டது. கண் பார்த்ததைப் போட்டேன், அவ்வளவுதான்.

"அது வேணாம் டீச்சர்" என்றாள்.

பதறிப்போய்த் துடைத்தேன். அந்தச் சிவப்பு பொல்லாத சிவப்பு. ஏற்கெனவே தேய்ந்த பேப்பரில் உள்ளே இறங்கிக்கொண்டது. துடைக்கத் துடைக்க இன்னும் பரவியதே தவிர போகவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வயசுக்கு ஏரிக்கரையில் உட்கார்ந்து அழப் பார்க்கிறேனே என்று என் மேலேயே கோபமும் வந்தது. மன்னிச்சுக்கோம்மா என்றேன். அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"செவுரு ஃபுல்லா அதே கலர் அடிச்சுடுங்க. நம்பர் தெரியாது."

அடித்தேன். பச்சை ஏரிக்கரைக்கு நடுவில் ஒரு சிவப்பு வீடு எழும்பி நின்றது. மாஸ்டர் எட்டிப் பார்த்து, இப்பதான் மேடம் படம் நிக்குது என்றான். மற்றவர்கள் ஃபோனில் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பதா, அவனை இரண்டு வைப்பதா என்று தெரியவில்லை. படத்தை அவளிடமே நீட்டினேன். வீடே நிற்குமா என்று தெரியவில்லை, இதை எங்கே மாட்டுவது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மேடவாக்கத்தில் எங்கள் ஃபிளாட் ஹாலில் அதை மாட்டினேன். இந்த அத்துவானத்தில் எவன் வீட்டுக்குச் சிவப்பு அடிப்பான் என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நடந்ததைச் சொன்னதும் எழுந்துபோய்ப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். பெருமழை பெய்தால் எங்கள் பார்க்கிங்கில் மீன் ஓடும். ஏரி இடத்தில் நாங்களும்தான் இருக்கிறோம், எங்கள் சுவரில் யாரும் நம்பர் எழுதவில்லை. அது ஏன் என்று அவரைக் கேட்டேன். அப்ரூவல் இருக்கிறது என்றார். ஏரிக்கு அது தெரியுமா என்றேன். விடு, பிரஷர் ஏறும் என்று டீ போடப் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், அந்தப் பக்கத்தில் இருக்கும் சக டீச்சர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டியை எடுத்தேன். வழி முழுக்க, அங்கே வெறும் மண் கிடந்தால் என்ன செய்வது என்றே ஓடிக்கொண்டிருந்தது. ஏரிக்கரை வளைவில் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். வீடு இருந்தது. சுவர் முழுக்கச் சிவப்பு. என் படத்தைப் பெரிதாக்கி அங்கே நட்டுவைத்த மாதிரி இருந்தது.

அவள் டிரம் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அன்றைக்குப் போய்த் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாளாம். அவர் மறுநாளே ரெட் ஆக்ஸைடு வாங்கி வந்து அடித்துவிட்டாராம். இடிக்க இன்னும் யாரும் வரவில்லை, வந்தாலும் எந்த வீடு என்று தேடட்டும் என்றாள். அவர்கள் ஆபீஸ் பேப்பரில் அந்த நம்பர் பத்திரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமலா இருக்கும்? சிரித்தாள். நம்பித்தான் சிரித்தாளா என்று எனக்கு விளங்கவில்லை. என் கையைப் பிடித்துச் சுவருக்குக் கிட்டே கூட்டிப்போனாள்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க டீச்சர். நம்பர் தெரியுதா?"

சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. புதுப் பூச்சுக்கு அடியில் பழைய கோடுகள் தடிப்பாக மேலெழும்பி, அம்புக்குறி வரைக்கும் அப்படியே இருந்தன. நான் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன்.

"இல்லம்மா, சுத்தமா தெரியல" என்றேன்.