பக்கத்தில் நிற்பவருக்காக

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் காத்திருந்தேன். தம்பி சேகரின் போன் வந்தது. "அக்கா, ஜமுனாக்கா போயிட்டாங்க."

தன் அப்பாவுக்குப் பிறகு திருவண்ணாமலையில் அவருடைய துப்பாக்கிக் கடையை நடத்தியவர் ஜமுனாக்கா. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து, பயிரைக் காக்க வைத்திருக்கும் துப்பாக்கியைப் பழுது பார்க்க அவரிடம் வந்தவர்கள் இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர். நான் பெட்ரோல் பங்க் நடத்துகிறவள். ஒருமுறை பங்கில் கத்தியோடு ஆள் புகுந்த பிறகு, உரிமம் வாங்கிக்கொண்டு, கைப்பையில் அடங்கும் ஒரு ரிவால்வருக்காக அவரிடம் போனேன்.

பளபளவென்று மின்னிய ஒன்றைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றேன். "முலாம் நல்லாத்தான் இருக்கு. முலாமா சுடப்போவுது?" என்று அதை ஒதுக்கிவிட்டு, மங்கலான வேறொன்றை எடுத்தார். குண்டு இல்லை என்பதை விரல் விட்டு உறுதி செய்தார். தோட்டாவைத் தட்டும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து, குண்டு போடும் சிலிண்டரை இரண்டு விரலால் அசைத்தார். அது அசையவில்லை. "சின்னதுல இரும்பு கம்மி, அதிர்வு ஜாஸ்தி. சிலிண்டரைப் பிடிக்கிற பூட்டு லூசா இருந்தா ரொம்ப நாள் தாங்காதும்மா. இது தாங்கும்." இதையெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டே செய்தார். நான் அதையே வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷ ஆயுத பூஜை முடிந்து சில வாரத்தில் சிலிண்டர் ஆட ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்தில் கடைக்கே போய், "நல்லா குடுத்தீங்க பொருளு!" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. "சுடும்போது சேகர் எங்க நிப்பான்?" என்று மட்டும் கேட்டார். பயிற்சிக்குப் போனால் என் இடப்பக்கம்தான் நிற்பான் என்றேன்.

எங்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப்போனார். ரிவால்வரை மரக்கட்டையில் இறுக்கிக் கட்டி, அதன் இடப்பக்கம், சேகரின் முக உயரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டார். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, தானும் விலகி நின்று கயிற்றால் விசையை இழுத்தார். குண்டு முன்னால் போனது. வேட்டியிலும் பொத்தல்கள்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள சின்னச் சின்னப் பள்ளங்களில்தான் பூட்டு விழுந்து அதை நேராக நிறுத்த வேண்டும். அவற்றில் காய்ந்த சந்தனம் இறுகிக் கிடந்தது. சிலிண்டர் நேராக நிற்காமல், குண்டின் ஓரம் சீவப்பட்டுத் துணுக்குகளாகப் பக்கவாட்டில் தெறித்திருக்கிறது.

"பொட்டு வைக்கத்தான் பள்ளம் விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்க்கா" என்றான் சேகர். ஆயுத பூஜையன்று பம்புக்கும் லாரிக்கும் சந்தனம் வைத்த கையோடு இதற்கும் வைத்திருக்கிறான். ஜமுனாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நான் பொத்தல் விழுந்த வேட்டியையும் சேகரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, புது வேட்டியைத் தொங்கவிட்டு மறுபடி சுட்டார். துணியில் ஒரு கீறல் இல்லை. "எதிர்ல வர்றவனுக்காகத்தான் எல்லாரும் துப்பாக்கி வாங்கறாங்க. நான் பக்கத்துல நிக்கறவங்களுக்காகப் பாக்கறேன்" என்றார். அவர் சொன்னபடி ரிவால்வர் இன்றும் ஆடாமல் உழைக்கிறது.

கலெக்டர் ஆபீசிலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சேகர் எனக்கு முன்பே வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவன் முகத்தையே பார்த்தேன். இரண்டு கண்ணும் சிவந்து, இரண்டிலும் நீர் வழிந்தது. ஜமுனாக்கா எனக்கு விட்டுப்போனவை அந்த இரண்டு கண்கள்.