நீலக் கவுன்

போன வாரம் பென்னாகரம் போயிருந்தேன். கையில் புதுத் துணி மூட்டை. மனசில் கொஞ்சம் பெருமை... சரி, கொஞ்சம் இல்லை, நிறையவே.

நீங்கள் அனுப்பிய துணிதான். இரண்டாவது மூட்டை. பஸ் ஸ்டாண்டில் ஜமீலா டீச்சரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"வேண்டாங்க சார். திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க."

ஜமீலா டீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். ஏரியூர் பக்கத்தில் ஐந்து கிராமங்களில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறார். பகலில் குழந்தைகளுக்குப் பாடம். அதற்கு முன், தினமும் காலையில் பெங்களூர் பஸ் கிளம்பும் வரை பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் காவல். வீட்டு வேலைக்கென்று சின்னப் பெண்களைக் கூட்டிப் போகும் புரோக்கர்கள் அந்த பஸ்ஸில்தான் போவார்கள். போன குழந்தைக்குச் சம்பளம் கிடையாது. கடிதம் கிடையாது. சிலர் திரும்பி வந்ததும் கிடையாது.

அத்தனை கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று அப்போது கேட்டிருந்தேன்.

"புதுத் துணிங்க சார்" என்றார். "எங்க பக்கத்துப் புள்ளைங்களுக்குப் பண்டிகை இல்லாத நாள்ல யாருங்க புதுசு எடுத்துக் குடுப்பாங்க? புரோக்கர்தான் எடுத்துக் குடுப்பான். புள்ள அழுவாம வரணுமில்லீங்களா?"

அப்படி ஒரு குழந்தை கண்ணில் பட்டால் கண்டக்டருக்கு ஜாடை காட்டுவார். அவரும் விசில் ஊதாமல் நிற்பார். டீச்சர் பஸ்ஸில் ஏறி, ஊர் என்ன, அப்பா பேர் என்ன என்று விசாரிப்பார். கூட வந்த ஆள் முழித்தால் குழந்தை கீழே இறங்கிவிடும். ஜீப் வேண்டாம், போலீஸ் வேண்டாம். ஒரு சட்டையைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இதை ஆகா ஓகோ என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த பாராவிலேயே உங்களிடம் என்ன கேட்டேன்? "இந்தக் குழந்தைகள் கந்தலோடு திரிகிறார்கள். புதுத் துணி அனுப்புங்கள்."

இரண்டு பாராவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்குமா? எனக்கு உறைக்கவில்லை. அச்சுக் கோத்தவருக்கு உறைக்கவில்லை. படித்துக் கண் கலங்கியதாகக் கடிதம் போட்ட உங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இரக்கம் வந்துவிட்டால் நமக்கெல்லாம் மூளை லீவு போட்டுவிடும் போலிருக்கிறது.

சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் ஒரே ரகமாக அனுப்பினார். நீலத்தில் வெள்ளைப் புள்ளி. தையல் தெரிந்த வாசகிகள் கவுனாகவே தைத்துக் கொடுத்தார்கள். ஐந்து கிராமத்துக் குழந்தைகளையும் வரவழைத்து விழா. மைக், மாலை, போட்டோ. நானும் பேசினேன் - நன்றாகவே பேசினேன், கை தட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததைத்தான் டீச்சர் இப்போது சொன்னார்.

"ஒம்பது வயசிருக்குங்க அந்தப் புள்ளைக்கு. கூட ஒரு பொம்பள. நம்ம நீலக் கவுன் போட்டிருந்துச்சு. பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க, நம்ம குடுத்த துணியாச்சேன்னு. எங்க போறேன்னு கேட்டேன். சித்தி வூட்டுக்குன்னு சொல்லுச்சு. பஸ்ஸுல ஒரே கூட்டம்... நாந்தாங்க சன்னலோரமா எடம் புடிச்சு உக்கார வெச்சேன்."

அது பெங்களூர் பஸ்.

குழந்தையின் பெயர் மாதம்மா. நான்கு நாள் கழித்து அவள் அம்மா அந்த நிறுவனத்தின் ஆபீசுக்கு வந்திருக்கிறாள். சண்டை போட அல்ல. நன்றி சொல்ல.

"புள்ளையக் கூட்டிட்டுப் போன அந்தம்மா, துணி குடுத்த ஆபீசுன்னுதாங்க சொல்லுச்சு. பெங்களூர் ஆஸ்டல்ல சேத்துப் படிக்க வெக்கறோம்னுச்சு. மொதல்ல துணி, அப்பறம் படிப்புன்னு நானும் சரின்னுட்டேன். எம் பொண்ணு லீவுக்கு எப்பங்க வருவா?"

அவளுக்கு யார் என்ன சொல்லிப் புரியவைத்தார்கள் என்று டீச்சரிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

டீச்சரும் மாதம்மாவின் அம்மாவும் பெங்களூருக்குப் போய் போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்திருக்கிறார்கள். கன்னடம் தெரிந்த டீச்சர்தான் பேசினார். அடையாளம் கேட்டார்கள். நீலக் கவுன், வெள்ளைப் புள்ளி. போட்டோ உண்டா? உண்டே, விழாவில் எடுத்தது. ஐந்து கிராமத்துக் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள். அத்தனை பேரும் நீலக் கவுன். முகங்கள் கடுகளவு. நடுவில் மாலையோடு நிற்கிற ஒருவருடைய முகம் மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் வரை மாதம்மா கிடைக்கவில்லை.

டீச்சர் இன்னமும் தினமும் காலையில் நிற்கிறார். ஆனால் பஸ் ஸ்டாண்ட் பூராவும் நீலக் கவுன். ஆயா ஊருக்குப் போகிற குழந்தையும் அதையேதான் போட்டிருக்கிறது, ஒகேனக்கலில் குளிக்கப் போகிற குழந்தையும் அதையேதான் போட்டிருக்கிறது. அத்தனை கூட்டத்தில் ஒவ்வொரு குழந்தையாக விசாரிப்பதற்குள் பெங்களூர் பஸ் நகர்ந்துவிடுகிறது. எத்தனை நாளைக்குத்தான் கண்டக்டர் விசில் ஊதாமல் நிற்பார்?

"அந்தக் கவுனெல்லாம் கிழியற வரைக்கும் எனக்குக் கண்ணு தெரியாதுங்க சார்" என்றார்.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். என் அறை மூலையில் கிடக்கிறது. வந்து பார்த்தால் வாசலில் இன்னும் மூன்று பார்சல்.

போதும். இனி யாராவது அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து பழைய துணி அனுப்புங்கள்.