பதினோராவது கையெழுத்து

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். ஓவியங்களை வெளியூருக்கு அனுப்ப மரப்பெட்டி செய்வது, படத்தைச் சுற்றி அதில் இறக்குவது, திரும்பி வந்தால் பிரித்துக் கிடங்கில் நிறுத்துவது, இதுதான் பதினெட்டு வருட வேலை. முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட தச்சரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

கிடங்கில் படங்கள் சுவரைப் பார்த்து நிற்கும். வருகிற ஜனம் கூடத்தில் படத்தின் முகத்தைப் பார்க்கும். அவள் பார்ப்பது முதுகை. மங்கிய சுங்க முத்திரை, பாதி கிழிந்த ஏலக்கடைச் சீட்டு, யாரோ பென்சிலில் கிறுக்கிய எண், மூன்று தடவை மாற்றி அடித்த ஆணித் தடம். ஒரு படம் எங்கெல்லாம் அலைந்து வந்தது என்று முதுகை வைத்தே சொல்லிவிடுவாள். அதைப் பற்றி எழுத ஆசை வந்தது. ஆனால் பெட்டி அடிக்கிறவள் எழுதினால் யார் சீண்டுவார்கள்? முப்பத்தாறாவது வயதில் கலை வரலாறு முதுகலைப் படிப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்றே பழுப்புத் தாளில் கட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் பதிவு ரத்து. எட்டுப் பாடம், ஓர் ஆய்வேடு. எல்லாம் கட்டத்துக்குள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்தன, ஒன்றைத் தவிர. ‘ஆய்வு முறைகள்’ என்ற கட்டாயப் பாடம் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் நடக்கும். முதல் வருடம் பயந்துபோய்த் தள்ளிப்போட்டாள். மூன்றாம் வருடம் மகளுக்கு மஞ்சள் காமாலை. இது ஐந்தாம் வருடம். மற்ற ஏழு பாடங்கள் முடிந்தாயிற்று, ஆய்வேடு முக்கால்வாசி எழுதியாயிற்று. இது ஒன்று கைநழுவினால் அத்தனையும் போச்சு.

அட்டவணை வந்தது. ஆய்வு முறைகள்: புதன்கிழமை, காலை பத்து முதல் ஒன்று வரை.

தாளைக் கசக்கினாள். பிறகு பிரித்து, நீவி, மறுபடி படித்தாள். புதன்தான்.

“மேடம், புதன்கிழமையை மாத்த முடியாதா?”

அந்தப் பாடம் எடுக்கும் பேராசிரியரின் முகம் வாடிவிட்டது. “என்னம்மா இப்படிச் சொல்றீங்க? உங்களுக்காகத்தானே துறையோட மல்லுக்கட்டி புதன் வாங்கினேன்! அன்னிக்கு மியூசியம் லீவாச்சே.”

“லீவு பாக்க வர்றவங்களுக்கு மேடம். எங்களுக்கு அன்னிக்குத்தான் வேலையே. கூடத்துல ஆள் இருக்கறப்போ படத்தை இறக்கி ஏத்த முடியுமா?”

பேராசிரியர் இருபது வருடமாக அந்த அருங்காட்சியகத்துக்கு வந்துபோகிறவர். புதன்கிழமை மட்டும் வந்ததில்லை. “அடக் கடவுளே” என்றார். மற்ற எட்டு மாணவர்களும் அந்த நாளுக்குப் பதிந்துவிட்டார்கள்.

கிடங்கு மேலாளர் விடுப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாப் புதனும் நீ படிக்கப் போயிட்டா படத்தை நான் தூக்கவா? எனக்கு இடுப்பே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“பதினாலு வகுப்பு சார். பதினொண்ணுக்கு வந்திருந்தா போதும், பரீட்சை எழுத விடுவாங்க.”

“எட்டு. இன்னும் பேசினா ஏழு.”

கடிதத்தில் எட்டுப் புதன் என்று திருத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை மகள் சுவர்த் தாளின் முன்னால் நின்று கணக்குப் போட்டாள். “எட்டு போக மூணு குறையுது. நான் காலேஜ் சேர்றதுக்குள்ள நீ முடிச்சிருவியாம்மா? ஒரே வகுப்புல உக்காந்தா மானம் போயிரும்.”

கணவன் பேருந்து ஓட்டுநர். பணிச் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “எங்க டிப்போல ஜனத்தால ஸ்டாப்புக்கு வர முடியலைன்னா வண்டியைச் சுத்தி விடுவாங்க. நீ போக முடியலைன்னா வகுப்பை இங்க சுத்தி விடச் சொல்லேன்.”

கேலிக்குத்தான் சொன்னான். அவள் மறுநாளே போய்க் கேட்டுவிட்டாள். பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம்: மூன்று வகுப்புகளைக் கிடங்கிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது புதன் எட்டு மாணவர்களும் கிடங்குக்கு வந்தார்கள். அவள் கையுறையோடு ஒரு பெரிய படத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். “இதோட பின்பக்கத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்” என்றார் பேராசிரியர். இரண்டு வார்த்தை இரண்டு மணி நேரம் ஆனது. ஆணித் தடத்திலிருந்து ஏலக்கடைச் சீட்டு, சீட்டிலிருந்து கப்பல் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். பேனாக்கள் ஓடின. மேலாளர்கூட ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அவளைக் கேட்ட ஒரே கேள்வி “ஆணி இருக்கா?” என்பதுதான்.

அடுத்த வாரம் துறை அலுவலகத்தில் வருகைப் பதிவை எட்டிப் பார்த்தாள். ஐந்தாவது புதனுக்கு நேராக அவள் பெயரில் ‘வரவில்லை’ என்று கோடு.

“அன்னிக்கு நீங்க சிறப்புப் பேச்சாளர்” என்றாள் கிளார்க். “வெளியில வகுப்பு எடுக்கணும்னா காரணம் எழுதணும். மேடம் ‘சிறப்புரை’ன்னு எழுதி உங்க பேரைப் போட்டிருக்காங்க.”

“நான் இங்க படிக்கிறவம்மா.”

“ஒரே வகுப்புல ஒருத்தங்க ரெண்டாவும் இருக்க முடியாதுல்ல? கம்ப்யூட்டர் எடுக்காது. ஆனா உங்களுக்கு நன்றிச் சான்றிதழ் வந்திருக்கு. இங்க கையெழுத்து போட்டு வாங்கிக்குங்க.”

“வருகைக்கு என் கையெழுத்து செல்லாது, இதுக்கு மட்டும் செல்லுமா?”

“கோவப்படாதீங்க. லேமினேஷன்கூடப் பண்ணியிருக்கோம்.”

பேராசிரியர் கடிதம் எழுதிப் பார்த்தார். ஒப்படைத்த அறிக்கையைத் திருத்த வழியில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. “நல்லெண்ணத்துலதாம்மா அப்படி எழுதினேன்” என்றார்.

“எனக்கு வர்ற கஷ்டமெல்லாம் உங்க நல்லெண்ணத்துலதான் மேடம் வருது!”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. பேராசிரியர் மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பினார். “சரி. கிடங்குல இன்னொரு வகுப்பு சேர்த்து வெச்சுக்கலாம். ஆனா நீங்க வாயே திறக்கக் கூடாது. மாணவர்களோட குறிப்பும் அறிக்கையோட ஆபீசுக்குப் போகுது. நீங்க விளக்கினதா ஒரு வரி இருந்தாலும் மறுபடி பேச்சாளர்னு போட்ருவாங்க.”

ஒன்பதாவது புதனும் பன்னிரண்டாவது புதனும் கிடங்கில் ஊமையாக நின்று கையெழுத்துப் போட்டாள். பேச வராதவர்கள் சும்மா இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அவளோ படத்தின் முதுகைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள்.

கடைசிப் புதன். அதுவரை கையெழுத்து பத்து. பெட்டிக்குள் போகக் காத்திருந்த ஒரு படம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வேலை மேலங்கியோடும் நோட்டோடும் அவள் மாணவர் வரிசையின் ஓரத்தில் நின்றாள். ஒரு மாணவன் குனிந்து பார்த்தான். “மேடம், இந்த வட்ட முத்திரை ஓவியரோட சொந்த முத்திரையா?”

பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “இருக்கலாம்... ஆமா, அப்படித்தான் தெரியுது.”

அது சுங்க முத்திரை. துறைமுகத்தில் மூன்று வாரம் தேங்கிக் கிடந்து ஈரம் பட்ட படம் அது. அந்த ஒற்றை முத்திரையைப் பற்றி மட்டும் ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். எட்டுப் பேனாக்களும் ‘ஓவியரின் முத்திரை’ என்று எழுதின.

மாணவன் அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, உங்களுக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. சரிதானே?”

மேலாளர் அவளையே பார்த்தார். பதில் நாக்கு நுனியில் நின்றது.

“எனக்கு என்னப்பா தெரியும்? நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து அவளும் எழுதினாள்: ஓவியரின் முத்திரை. அழுத்திய அழுத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

வருகைத் தாள் கை மாறி மாறிக் கடைசியில் அவளிடம் வந்தது. கையெழுத்திட்டு, மை காயும்வரை ஊதி, பேராசிரியர் அதை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிறவரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு மேலங்கியைக்கூடக் கழற்றாமல் படியிறங்கி ஓடி, வாசலில் அந்த மாணவனின் பையைப் பிடித்து இழுத்தாள்.

“தம்பி, அது சுங்க முத்திரைப்பா. நோட்டுல அடிச்சிட்டு மாத்தி எழுது. மத்த ஏழு பேர்கிட்டயும் சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் எழுதித் தொலைச்சிடாதே!”