எட்டாவது பெட்டியின் கறை

அன்புக்குரிய உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

தம்பி எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலருக்குப் படித்தவர்கள் யாரேனும் எழுதித் தருவதாகச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் செல்லும். இருந்தாலும் தம்பியைப் பற்றிப் பொய் இல்லாமல் எழுதக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான். அவசரப்படாமல் ஆறுதலாக எழுதியிருக்கிறேன். நீங்களும் ஆறுதலாக வாசியுங்கள்.

தம்பி மாங்குளத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் பிறந்தார். எனக்கு ஏழு வயது இளையவர். ஐயா ரயில் பாதையில் வேலை செய்தவர். தம்பியும் வளர்ந்ததும் அதே நிலையத்தில் சாமான் ரயில் பெட்டிகளைக் கொழுவும் வேலைக்குப் போனார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்று கொளுக்கி மாட்டும் வேலை அது. கை போனவர்கள் இருந்தார்கள். தம்பிக்கு ஒரு நகங்கூடப் போகவில்லை. அவ்வளவு நிதானம்.

வீடு எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போவது எல்லாம் அந்த வீட்டு வாசற்படியில்தான் தொடங்கியது.

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்துப் பெண்ணைத் தம்பி விரும்பிக் கட்டினார். நான் கலியாணத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் அவள் என் படியில் வந்து நின்று, "அண்ணி" என்று கூப்பிட்டாள்.

"அண்ணியோ? உங்கட தோட்டத்து முறையெல்லாம் இஞ்சை வேண்டாம். இஞ்சை நாங்கள் மச்சாள் எண்டுதான் கூப்பிடுறது. அதையும் நீ கூப்பிட வேண்டாம்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இரண்டு மைல் கட்டைக்கு அப்பால் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் மத்தியானம் அவள் சாப்பாட்டுக் கரியரோடு நடந்து வருவாள். சாமான் ரயில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்து போனால்தான் தம்பி சாப்பிடலாம். அதுவரை அவளும் சாப்பிடாமல் காத்திருப்பாள். முதலில் எங்கள் மாமர நிழலில் இருந்தாள். நான்தான் எழுப்பிவிட்டேன்.

"குடுத்திட்டுப் போறதெண்டால் போ. என்ர வளவுக்கை குந்தி இராதை."

அந்தக் காலத்தில் அச்சு முறிந்த ஒரு சாமான் பெட்டியை நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில் தள்ளி விட்டிருந்தார்கள். எடுக்க ஆள் வரவில்லை, மாதக்கணக்காகக் கிடந்தது. அவள் அதன் நிழலில் போய், தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டையின் நுனியில் குந்தி இருந்து, பெட்டியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். என் குசினி யன்னலுக்கு நேரே. நான் பார்த்துக்கொண்டே சமைத்தேன். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பியதில்லை. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

பிறகு சண்டை. ரயில் நின்றது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், சிலிப்பர் கட்டைகளைப் பங்கருக்கு எடுத்தார்கள், கிடந்த பெட்டிகளையும் வெட்டினார்கள். என் கணவர் காய்ச்சலில் போனார். கடைசிச் சண்டையில் தம்பியும் அவளும் நானும் இடம் இடமாக ஓடி முல்லைத்தீவுக் கடற்கரையில் போய்ச் சேர்ந்தோம். தம்பி ஒரு பங்கர் வெட்டினார். பங்கருக்குள் மூன்று பேருக்கு இடம் இருந்தது. அவள் வாசலில்தான் இருந்தாள். என்னோடு இருக்கும்போது வெளியில் இருந்தே பழகியவள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. செல் குண்டு வாசலில் விழுந்தது.

தம்பி அவளைத் தன் கையால் மணலில் புதைத்தார். கலியாணப் படம், அடையாள அட்டை, எல்லாம் ஒரு பையில் இருந்தன. அந்தப் பையும் போனது.

சண்டை முடிந்து, எங்களை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து விட்ட பிறகு என் காணியில் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. தம்பியை வந்து இருக்கச் சொன்னேன். கலியாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் என் படியை மிதித்தார்.

தண்டவாளம் புதிதாகப் போட்டார்கள். புது ரயில் ஓடியது. தம்பி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழைய சாமான் பெட்டிகளைச் சிறிதாகச் செய்யத் தொடங்கினார். பழைய ரயில்வே ஆட்களிடம் போய்ப் படங்கள் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பால்மாத் தகர ரின்னை வெட்டி நிமிர்த்தி, பின்பக்கத்திலிருந்து ஆணி நுனியால் ஒவ்வொன்றாகக் குத்தினால் முன்பக்கத்தில், பெட்டித் தகட்டைப் பொருத்தும் தறை ஆணிகளின் தலை மாதிரி எழும்பும். ஒரு பெட்டிக்கு நானூறு குத்து என்றாலும் குத்துவார். ஒரு ஈர்க்கில் கோடு கீறி வைத்திருந்தார். நிசத்தில் ஒரு அடி, ஈர்க்கில் நகத்தளவு. அதுதான் அவருடைய அளவுகோல்.

செய்து முடித்த பிறகுதான் பெரிய வேலை. புதுப் பெட்டியைப் பழசாக்குவது. செங்கல் தூள், விளக்குக் கரி, வினாகிரியில் ஊறிய இரும்புத் தூள். மழைநீர் எந்த ஆணியிலிருந்து வடிந்தது, மூட்டை எங்கே உரசியது, கதவைத் தள்ளிய கை எங்கே பட்டது என்று படத்தைப் பார்த்துப் பார்த்து வைப்பார். நான் ஒரு நாள் கேட்டேன்.

"மழையிலை விட்டால் தன்பாட்டிலை துருப்பிடிக்கும்தானே?"

"நிசத் துரு இதுக்குப் பெரிசக்கா. பெட்டியைத் திண்டுபோடும். பொய்த் துருதான் உண்மை மாதிரித் தெரியும்."

பார்க்க வந்த உறவினர்கள் சிரித்தார்கள். "அறுபது வயசிலை கோச்சி விளையாட்டோ? பெட்டியெல்லாம் செய்யிறியள், எஞ்சின் எங்கை?" என்று கேட்டவர்கள் இந்த மலரையும் இப்போது கையில் வைத்திருக்கிறீர்கள்.

"எஞ்சின் வந்தால் பெட்டி போயிடுமெல்லோ" என்பார் தம்பி.

இதற்கிடையில் சீனி வருத்தம் கண்ணையும் சிறுநீரகத்தையும் பிடித்தது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். அந்த நிலையில்தான் எட்டாவது பெட்டியை ஒரு மாரியும் ஒரு கோடையும் இருந்து செய்தார். வவுனியாவில் இருந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர், முறிந்த அச்சுக்கு அறிக்கை எழுத எடுத்த படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்துச் செய்தது. என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கண்காட்சிக்குத் தம்பியின் பெட்டிகளைக் கேட்டார்கள். அதற்கு முதல் நாள் தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன நேரம், நான் எட்டுப் பெட்டியையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஊத்தைத் தகரம் வைக்க என் மனம் விடவில்லை. குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் புளியும் சாம்பலும் போட்டுத் தும்பால் தேய்த்தேன். பளபளவென்று வந்தன. பெருமையாக மேசையில் அடுக்கினேன்.

தம்பி வந்து பார்த்தார்.

"அக்கா, கழுவிப்போட்டியளோ?"

"ஓம். நாளைக்குப் பெரிய ஆக்கள் வருவினம். ஊத்தையைக் காட்டி என்ர மானத்தை வாங்கப் போறியோ?"

தம்பி சிரித்தார். "சரி, எல்லாருக்கும் முழுக்கு வாத்தாச்சு. எட்டாவது எது?"

"அந்தா. அதிலைதான் கூட ஊத்தை. கதவுக்குப் பக்கத்திலை ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு என்ர கை விட்டுப்போச்சு."

தம்பி அதை எடுத்துக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். விரலால் தடவினார்.

"அது அவளின்ர தலையக்கா" என்றார்.

அதன் பிறகுதான் படத்தைக் காட்டினார். முறிந்த அச்சு, துருப்பிடித்த பெட்டி, கதவுக்குப் பக்கத்தில், ஓரம் தெளிவில்லாமல், கறுப்பாக ஒரு கறை. ஆள் இல்லை. மாதக்கணக்காக ஒரு தலை சாய்ந்த இடத்தில் தேங்காய் எண்ணெயும் புழுதியும் ஏறி நின்ற கறை. உலகத்தில் அவளுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அவளை அந்த இடத்தில் இருத்தியதும் நான். அதைத் தேய்த்ததும் நான்.

தம்பி ஏசவில்லை. திரும்ப வைக்கப் பார்த்தார், கண் விடவில்லை. "நீ சொல்லு, நான் வைக்கிறன்" என்றேன். காவி நிறத்தைப் பூசிக் காயவிட்டு, கரியை எண்ணெயில் குழைத்து, கோழி இறகின் நுனியால் வைத்தேன். தம்பி முற்றத்து வெயிலில் இடக்கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது மாடு உரஞ்சின இடம்" என்றார்.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

"நிண்டு சாய்ஞ்ச மாதிரிக் கிடக்கு. நிக்க வைச்சது நீங்கள். அவள் குந்தி இருந்தவள்."

"படத்தைப் பாத்துத்தானே வைச்சனான்!"

"படம் பாக்காதேங்கோ. குசினி யன்னலாலை ஒவ்வொரு நாளும் அவளைப் பாத்தனீங்கள்தானே. நான் வேலையிலை நிண்டனான். என்னைவிடக் கூடப் பாத்தது நீங்கள்தான்."

மறுபடியும் இறகை எடுத்தேன். எத்தனை தரம் வைத்தேன், எத்தனை தரம் துடைத்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் "இல்லை" என்றார். எனக்கு மனம் ஆறட்டும் என்று ஒருநாளாவது "சரி" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொழுவாத கொளுக்கியைக் கொழுவினதாகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கடைசி நாள் காலையில், ஓட்டோ வாசலில் நிற்கும்போது, அன்று வைத்ததைக் காட்டினேன். பார்த்தார்.

"இல்லையக்கா."

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் தம்பி போய்விட்டார். அதன் பிறகு அவர் குரல் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு நான் ஒரு வேலை செய்தேன். ஊரில் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று கதை வந்ததும் அதனால்தான். தலைக்கு எண்ணெய் வைத்து, மத்தியானம், சிலிப்பர் கட்டையின் உயரத்துக்குக் கல் வைத்து, வீட்டு வெளிச்சுவரில் தலை சாய்த்துக் குந்தி இருந்தேன். ரயில் போகும் வரைக்கும் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் அப்படி. வெள்ளைச் சுவரில் கறை பிடித்தது. நான் நினைத்த மாதிரி வட்டமாக இல்லை. மேலே வட்டம், பிறகு இடப்பக்கம் சரிந்து கீழே இழுபட்டிருந்தது. பசியில் எனக்கு நித்திரை தூங்கித் தலை சரிந்திருக்கிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் ஒரு நாள் யன்னலில் நின்று என் கணவரைக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன். "வாங்கோ, வந்து பாருங்கோ. கழுத்து முறிஞ்ச கோழி மாதிரி நித்திரை தூங்கி விழுறாள்." பார்த்திருக்கிறேன். மறந்திருக்கிறேன்.

சுவரை நூலால் அளந்து, தம்பியின் ஈர்க்கால் சிறிதாக்கி, இறகால் வைத்தேன். சரியா என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.

தம்பிக்குப் பல மாதம் இரத்தம் சுத்தப்படுத்திய தாதியருக்கும், ஒரு நாளும் பிந்தாமல் வந்த ஓட்டோக்காரருக்கும், படம் தந்த உத்தியோகத்தருக்கும், கொள்ளி வைத்த பெறாமகனுக்கும், சிரித்தாலும் செத்த வீட்டுக்கு வந்த உறவுகளுக்கும் நன்றி. இரண்டு கட்டை நடந்து என் தம்பிக்குச் சோறு கொண்டுவந்து, என் வாசலில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காத மச்சாளுக்கும் நன்றி. அவவை இந்த முறை சொல்லி நான் எழுதுவது இதுதான் முதல் தரம்.

திவசச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் மண்டபத்து மேசையில் எட்டுப் பெட்டியையும் காண்பீர்கள். ஏழு பளபளக்கும், அவை நான் கழுவியவை, அப்படியே கிடக்கட்டும். எட்டாவதைத் துடைக்க வேண்டாம். வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தாறன் என்றும் யாரும் வர வேண்டாம்.

இங்ஙனம்,
அக்கா
மாங்குளம்