ஒரு கார்டு, நான்கு முகங்கள்

மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிலிபின் பக்கம் ஒரு பலகை ஆலையில் நான் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தபோது, என் உயிரை வாங்குவதற்கென்றே ஓராங் அஸ்லி என்னும் மலைப் பழங்குடிக்காரர் ஒருவர் வேலைக்கு வந்து சேர்ந்தார். குட்டையான ஆள், சுருட்டை முடி, காதிடுக்கில் எப்போதும் ஒரு சுருட்டு. ரப்பர் தோட்டத்தில் நம்மவர்களோடு பால் மரம் வெட்டியவர் என்பதால் தமிழ் சரளமாக வரும்.

டுரியான் பழம் விழத் தொடங்கினால் சொல்லாமல் கொள்ளாமல் மலைக்குப் போய்விடுவார். ஆனால் அவருடைய பஞ்ச் கார்டு மட்டும் தினமும் நேரத்துக்கு அடிக்கப்பட்டிருக்கும். போய்ப் பார்த்தால் அவர் இடத்தில் மைத்துனர் பலகை அடுக்கிக்கொண்டிருப்பார். அடுத்த வாரம் சித்தப்பா. அதற்கடுத்து யாரோ பங்காளி. முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

திரும்பி வந்தவரைப் பிடித்துக் கத்தினேன்.

"இந்த வேலை ஒனக்கா, ஒன் கம்போங்குக்கே, ஊரு சனத்துக்கே குடுத்ததாய்யா?"

"கம்போங்குக்குத்தான்லா அண்ணே," என்றார் நிதானமாக. "டவுன்ல ஒரு எடம் கெடைச்சிருக்கு. சும்மா விடலாமா?"



அந்த வருடக் கடைசியில் என் அப்பா ஈப்போ ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். பத்து நாள் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்து, ஒரு மத்தியானம் பலகைக் கட்டின் மேலேயே தூங்கிப்போனேன். அந்த ஓராங் அஸ்லிக்காரர்தான் தட்டி எழுப்பினார்.

"அண்ணே, அப்பாகிட்ட ஒங்கள மாத்திவிட இன்னைக்கு யாரு வாராங்க?"

"யாருமில்ல. போய் வேலையப் பாருய்யா," என்று எரிந்து விழுந்தேன்.

ஈப்போவிலேயே எனக்கு மூன்று அண்ணன்மார் இருந்தார்கள்.