தொடக்கூடாத பிளாஸ்க்

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பச்சை பிளாஸ்க் இருக்கிறது. அகலமான வாய், நசுங்கிய அடிப்பாகம். அறுபது வருஷத்துக்கும் மேலாக என்னோடு வீடு வீடாக மாறி வந்திருக்கிறது. ஒரு நாளும் அதில் காப்பி ஊற்றிக் குடித்ததில்லை. போன வாரம் வெள்ளையடிப்பதற்காகத் தட்டுகளை ஒழித்துக்கொண்டிருந்த மருமகள் அதைக் கையில் எடுத்து, "இதுல என்ன மாமா இருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். சொன்ன மாத்திரத்தில் எனக்குப் பால்கார அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில், மத்திகிரி மாட்டுப் பண்ணையில் பயிற்சி முடித்துவிட்டு, ஓசூருக்குத் தெற்கே ஒரு சின்ன கால்நடை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. பசுக்களுக்கு ஊசி மூலம் சினை போடுவது என் வேலை. உயர்ந்த ஜாதிக் காளையின் விந்து கண்ணாடிக் குப்பியில், குப்பி பிளாஸ்க்கில், பிளாஸ்க் நிறைய ஐஸ். அந்த ஐஸ் பெங்களூரிலிருந்து காலை பஸ்ஸில், மரத்தூள் போட்ட சாக்கில் வரும். பஸ் தாமதமானால் சாக்கிலிருந்து தண்ணீர்தான் சொட்டும். அப்படி வந்தால் குப்பியைக் கீழே கொட்டிவிட வேண்டும், எடுத்துக்கொண்டு போகவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நிலையத்திலிருந்து ஆறு மைலில், அஞ்செட்டி போகும் காட்டுப் பாதையை ஒட்டி ஓர் ஊர். அங்கே இருந்தவள்தான் பால்கார அக்கா. கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து கடிதம் வருவது நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள், ஒரே ஒரு பசு. மாட்டோடு தெலுங்கில் பேசுவாள், பால் விற்கும் இடத்தில் கன்னடம், சந்தேகப்படுவது மட்டும் சுத்தமான தமிழில். அவள் சந்தேகப்படாத பொருளே கிடையாது. உப்பு வாங்கினால் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பஸ்ஸில் ஏறுமுன் படியை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பாள். டீக்கடைக்காரர் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று விளையாட்டாகக் கேட்டபோது, "எனக்கே அந்தச் சந்தேகம் வந்து, தெனமும் குடிச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாறேன்" என்றாளாம்.

முதல் நாள் என்னையும் விடவில்லை. காளை இல்லாமல் கன்று எப்படி என்றாள். ஐஸ் எதற்கு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றாள். நானும் படித்த மிதப்பில், குளிர்ச்சி போய்விட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும், அப்புறம் அது வெறும் தண்ணீர்தான் என்று விளக்கினேன். பிளாஸ்க்குக்குள் கையை விட்டு, விரல் மரத்துப் போகும்வரை வைத்திருந்துவிட்டு, "சரி தம்பி, இது நெசந்தான்" என்றாள். எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று அதுதான்.

ஊர் அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. அங்கே கோயில் காளை ஒன்று இருந்தது. பசுவைச் சினைக்கு விட வேண்டுமானால் பூசாரியிடம் தேங்காய் பழத்தோடு போய் நிற்க வேண்டும். ஊசி போட்டால் கண்ணில்லாத கன்று பிறக்கும், கன்று சர்க்காருக்குச் சொந்தமாகிவிடும் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. கடைசியில் அம்மனிடமே பூக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டணம், சிவப்புப் பூ ஒரு பொட்டணம், இரண்டையும் இலையில் கட்டிச் சன்னதியில் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டணத்தை யாரும் பிரிப்பதில்லை, பூசாரி அதைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார்.

சிவப்பு அரளி வந்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. அக்கா மட்டும் முன்னால் போய், அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மிச்சமிருந்த பொட்டணத்தை எடுத்தாள். "தொடக்கூடாது" என்றார் பூசாரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரித்துவிட்டாள். அதிலும் சிவப்பு அரளிதான் இருந்தது. வெள்ளையாகக் கட்டியதை அம்மன்தான் சிவப்பாக்கிவிட்டாள் என்று பூசாரி சமாளித்தார், பாதிப் பேர் அதையும் நம்பினார்கள். அக்கா விபூதி பூசிக்கொண்டுதான் கோயிலை விட்டு வந்தாள். அம்மன் மேல் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. பொட்டணம் கட்டிய கை மேல்தான். எனக்கோ தலைகால் புரியவில்லை, விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்தக் காரியத்துக்கு அவள் கொடுத்த விலை எனக்கு உடனே உறைக்கவில்லை. கோயில் காளையை இனி அவள் மாட்டுக்கு விட மாட்டேன் என்று பூசாரி சொல்லிவிட்டார். மாடு பால் வற்றிக்கொண்டே வந்து, வேளைக்கு அரைப்படிதான் கறந்தது. சினை பிடிக்காவிட்டால் சந்தைக்கு ஓட்ட வேண்டும். மாடு போனால் அந்த வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை. அவளுக்கு மிச்சமிருந்தது என் ஊசி ஒன்றுதான்.

மாடு சினைக்குக் கத்துகிறது என்று ஒரு நாள் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கென்று பஸ் வழியில் நின்றுபோய் வெயில் ஏறிய பிறகு வந்தது. சாக்கைத் தூக்கினேன், கனமே இல்லை. முந்தின நாள் ஐஸும் பிளாஸ்க்கில் வெந்நீர் மாதிரி ஆகியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொட்டிவிட்டு, கையை விரித்து நிற்க வேண்டும். ஆனால் ஊர் மொத்தமும் அவள் வாசலில் காத்திருக்கும். பூசாரி சிரிப்பார். ஒருவேளை பிடித்தாலும் பிடிக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

நினைத்த மாதிரியே ஊர் கூடியிருந்தது. அக்கா மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, வழக்கம்போல பிளாஸ்க்கை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "தொடக்கூடாதுக்கா, கைபட்டா கெட்டுடும்" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். உப்பை நம்பாதவள், பஸ் படியை நம்பாதவள் என்னை நம்பினாள். செத்த விந்தை நான் அவள் மாட்டுக்குச் செலுத்தினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, காலையில் கதவைத் திறந்தால் நிலையத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு மைலும் நடந்தே வந்திருக்கிறாள். மாடு மறுபடியும் கத்துகிறது என்றாள். அன்று பஸ் நேரத்துக்கு வந்தது, ஐஸ் பாளம் பாளமாக இருந்தது. பிளாஸ்க்கை நிரப்பினேன். அவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே கையை விட்டாள். வெகுநேரம் வைத்திருந்தாள். எடுத்தபோது விரல்கள் வெளுத்திருந்தன.

"அன்னிக்கி இப்படி இருந்துச்சா?"

மேஜை மேலிருந்த பஞ்சை எடுத்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பூசாரி ரெண்டாவது பொட்டணத்த என் கைக்கு எட்டுற தூரத்துல வச்சிருந்தாரு, சார். நீங்க அதுவும் வைக்கல."

அதுவரை அவள் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆரம்பித்த சார், நான் மாற்றலாகிப் போகும்வரை மாறவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

பிளாஸ்க்கை என்னிடம் தரவில்லை. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். பாதி வழியில் அவள் கால் இடறிப் பாறையில் விழுந்தபோது பிளாஸ்க்கின் அடிப்பாகம் நசுங்கியது, உள்ளே கண்ணாடி உடையவில்லை. ஊருக்குப் போனதும் ஜனங்கள் முன்னால் மூடியைத் திறந்து, பக்கத்தில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகக் கைவிட்டுப் பார்க்கச் சொன்னாள். பூசாரியை எல்லார் முன்னாலும் அம்பலப்படுத்தியவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அந்தப் பெண்கள் வீட்டிலும் மாடு இருந்தது, அவர்களுக்கும் நான் வேண்டியிருந்தது. என்மேல் இரக்கப்பட்டு மறைத்தாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை.

மாடு சினை பிடித்தது. கிடாரிக் கன்று, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் எந்த வாசலில் நின்றாலும் முதலில் பிளாஸ்க்கைத் திறந்து நீட்ட வேண்டும், யாராவது ஒருத்தி கையை விட்டுவிட்டுத் தலையாட்ட வேண்டும். அதுவே அங்கே ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. நான் மாற்றலாகும்போது, நசுங்கியது இனி எதற்கு என்று நிலையத்தில் அந்த பிளாஸ்க்கை என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது வயது தொண்ணூறை எட்டப் போகிறது. கைபேசியில் தினமும் யாராவது ஒரு மருந்தைச் சொல்கிறார்கள், ஒரு சாமியைச் சொல்கிறார்கள், ஒரு புது மெஷினைச் சொல்கிறார்கள். எதையும் நான் சட்டென்று தள்ளுவதுமில்லை, ஏற்பதுமில்லை. மிச்சப் பொட்டணத்தைப் பிரிக்க விடுவார்களா என்று மட்டும் பார்க்கிறேன். விடமாட்டேன் என்பவர் பூசாரியானாலும் சரி, டாக்டரானாலும் சரி, எனக்கு ஐஸ் உருகிய அந்த வெயில் ஞாபகம் வந்துவிடும்.

மருமகளிடம் ஒன்றுமில்லை என்று சொன்னேன் அல்லவா. அவள் அதைக் கேட்டுக்கொண்டு பிளாஸ்க்கை அப்படியே தட்டில் வைத்துவிடவில்லை. காதருகே ஆட்டிப் பார்த்தாள். மூடியைத் திருகித் திறந்தாள், உள்ளே கையை விட்டுத் துழாவினாள். "ஆமா மாமா, ஒண்ணும் இல்ல" என்றாள். அன்றைக்கும் அதில் ஒன்றும் இல்லைதான் அம்மா என்று வாய்வரை வந்தது. அப்புறம் அவளை உட்கார வைத்து, இதையெல்லாம் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.