விமான பத்து

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. கணக்கு உதைக்கிறதே என்று பார்க்காதீர்கள். மூத்தவன் நான் பெறாதவன். என் தம்பி வேலு. அவன் ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். எட்டு வயதில் அவனை இடுப்பில் தூக்கினேன். இறக்கி வைத்ததாக இன்னும் நினைப்பில்லை.

போன வாரம் ரோட்டை அகலப்படுத்த வந்த இயந்திரம், பஸ் நிற்குமிடத்தில் அவன் பெயர் வெட்டியிருந்த கல்லைப் பெயர்த்துவிட்டது. எங்கே போட்டாய் என்று கேட்டால், "எந்தக் கல்லு பாட்டி?" என்கிறான் ஓட்டுகிறவன். அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலே பரணில் பூண்டு அடுப்புப் புகை குடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வாடைதான் அவனோடு ஊர் ஊராகப் போனது. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்து, சண்டை விமானம் ஓட்டப் போன பிறகும் அவன் ட்ரங்குப் பெட்டியில் ஒரு கொத்து வைத்து அனுப்புவேன்.

"யக்கா, பெட்டியத் தொறந்தா கூட இருக்கவனெல்லாம் மூக்கப் பொத்துறான்."

"பொத்தட்டும்லே. ஒனக்குச் சளி புடிக்காதுல்ல."

எழுபத்தொன்றாம் வருடச் சண்டையில் அவன் திரும்பவில்லை. இருபத்திரண்டு வயது. வீட்டுக்கு வந்த அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்தபடி சொன்னார்: "ரெண்டு எதிரி விமானம்மா. கூடப் போனவர் தப்பிக்கட்டும்னு இவர் திரும்பிப் போய் ரெண்டையும் மறிச்சார்." பின்னால் பெட்டி வந்தது. திறந்து முகத்தை உள்ளே விட்டேன். சோப்பு வாசம். யாரோ நல்ல மனதோடு கழுவி அனுப்பியிருக்கிறார்கள். திட்டவும் முடியவில்லை.

ஊரில் கல் வைக்க முடிவானது. பஞ்சாயத்துக் கிளார்க்கு தாளோடு வந்து, "தம்பி எப்படிம்மா இறந்தாரு?" என்றார். அழுகைக்கு நடுவில், "பிளேன் விழுந்திருச்சுங்க" என்றேன். மறித்த கதையைச் சொல்லாமல் விட்டேன். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தேன்.

ஏழெட்டு வருடம் அந்தக் கல்லைத் துடைத்துப் பூ வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம், "படிங்க, படிங்க" என்பேன். படித்துவிட்டு உச்சுக்கொட்டுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அப்போது இரண்டாம் வகுப்பு போய்க்கொண்டிருந்த கடைசி மகள் ஒரு நாள் எழுத்துக்கூட்டினாள்.

"வி...மா...ன வி...பத்...து."

"விபத்துன்னா என்னடி?"

"போன மாசம் பஸ்சு கவுந்துச்சுல்லம்மா, அது."

கிளார்க்கிடம் ஓடினேன். "விழுந்துச்சுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? கைநாட்டும் இருக்கு. கல்லுல வெட்டுனத ரப்பர் வச்சா அழிக்க முடியும்?" என்றார். கவிழ்ந்த பஸ்ஸுக்கும் என் பிள்ளைக்கும் ஒரே சொல்லா? கேட்கத் தெரியாமல் திரும்பி வந்தேன்.

மகளோடு சேர்ந்து சிலேட்டைப் பிடித்தேன். எல்லோரும் அ, ஆ என்று ஆரம்பிப்பார்கள். நான் 'விபத்து' என்று ஆரம்பித்தேன். எழுத்து பிடிபட்டதும் ஒரு நாள் வெள்ளனே உளியும் சுத்தியலுமாகப் போனேன். கல் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. 'வி' ஒன்றைத்தான் பெயர்த்தேன், முதல் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா, விமான பத்துன்னு கெடக்கு? ஒன் தம்பி பத்துப் பிளேனா ஓட்டுனான்?"

"ஓட்டுனது ஒண்ணுதாம்லே. மறிச்சது ரெண்டு."

பஸ்ஸில் சிரித்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதினான். அப்புறம் மீதி எழுத்தை நான் தொடவில்லை. அதென்ன பத்து என்று கேட்காத ஆளே கிடையாது. கேட்டவரை நான் விட்டதும் கிடையாது.

இப்போது அந்த இடத்தில் தார் மினுமினுக்கிறது. தாரைப் பார்த்து யார் என்னத்தைக் கேட்பார்கள்?

ஏ பிள்ளே, பேத்தி, இங்க வா. எழுதினத வாசி. வெரசா ஓடாத, நிறுத்திப் படி. மறிச்சான்னு வர்ற எடத்துல பெரிய ற போட்டிருக்கனா பாரு. சின்ன ர-ன்னா செத்தான்னு ஆயிரும். அத எழுதுறதுக்கு அந்தக் கிளார்க்கே போதும்.